பழக்கூடையில் மொய்க்கும் சிறு ஈக்களால் நோய் வருமா?

கேள்வி:
மாம்பழக் காலம் தொடங்கியதிலிருந்து, பழக்கூடையின் மூடியைத் திறந்தவுடன் எள்ளளவு ஈக்கள் கும்பலாக எழும்புகின்றன. அவை மொய்த்த பழத்தை என் நான்கு வயது மகள் தின்றுவிட்டாள். அஞ்ச வேண்டுமா?

மறுமொழி 1:
அஞ்ச வேண்டியதில்லை. சிவந்த கண்களும் ஏறத்தாழ 3 மி.மீ. நீளமும் கொண்ட இந்தப் பழ ஈ கடிப்பதில்லை. கொசுவைப் போல இரத்தத்தின் வழியே நோயைக் கடத்துவதுமில்லை. பழம் நொதிக்கையில் பெருகும் ஈஸ்ட்டை நாடியே அது வருகிறது. அதன் முட்டையை அறியாமல் விழுங்கினாலும் பொதுவாகச் செரித்துவிடும். ஆயினும் குப்பைக்கூடையில் அமர்ந்த கால்களுடனேயே உணவிலும் அமர்வதால், கிருமிகளைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ கண்டால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுமொழி 2:
ஒரு தம்ளரில் சிறிது வினிகரை ஊற்றி, அதில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு வையுங்கள். மணத்துக்கு வரும் ஈக்கள், நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்துவிட்டதால் மிதக்க முடியாமல் மூழ்கிவிடும். எனினும் 25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஈயாவதற்குப் பத்து நாட்களே போதும் என்பதால், அழுகிய பழத்தை அகற்றாமல் பொறி மட்டும் வைப்பது வீண் வேலை.

மறுமொழி 3:
வெங்காயக் கூடையின் அடியையும் பாருங்கள். எங்கள் வீட்டில் அழுகிய ஒற்றை உருளைக்கிழங்குதான் காரணமாக இருந்தது! (மரபியல் ஆய்வில் தாமஸ் ஹண்ட் மார்கனுக்கு 1933இல் நோபல் பரிசு பெற்றுத் தந்ததும் இந்த ஈயே.)