பொருளாதார மந்த காலத்தில் அரசு பணம் இறக்கினால் நம் கரைக்கு வேலை வருமா?

பாம்பன்காரன்: ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தும் எங்கள் பக்கம் பல விசைப்படகுகள் கட்டியபடியே கிடக்கின்றன. டீசல் போட்டுப் போய் வந்தால் இறாலுக்கு வியாபாரி சொல்லும் விலை கட்டவில்லை. சாலை, பாலம் என்று அரசு கோடிகளைக் கொட்டுகிறதே, அதில் நமக்கு என்ன வேலை?

தொண்டி வாசகன்: பாலத்தில் வெல்டிங் வேலைக்கு வெளியூர் ஆள்தான் வருவான், உண்மை. ஆனால் கூலி நேராகக் கைக்கு வந்தால் கதை வேறு. 1933-ல் பெருமந்தத்தின்போது அமெரிக்காவில் அதிபர் ரூஸ்வெல்ட் வேலையில்லாத இளைஞர்களை முகாமில் சேர்த்து மரம் நட வைத்தார், சம்பளத்தில் பெரும்பகுதி வீட்டுக்கே போனது. இங்கே 2020-ல் கொரோனா நேரத்தில் நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக 40,000 கோடி ஒதுக்கினார்கள். அந்தக் கூலி மளிகைக் கடைக்கு வரும், கடைக்காரர் சரக்கு எடுப்பார், அப்படியே சுற்றும்.

மண்டபம் அக்கா: சுற்றும் தம்பி, கூலி நேரத்துக்கு வந்தால்! எனக்கு ஒரு தடவை மூன்று மாதம் இழுத்தார்கள். நான் இப்போது கடல்பாசி வளர்க்கிறேன். பன்னிரண்டடி மூங்கில் மிதவை, கயிற்றில் விதைப்பாசி, 45 நாளில் அறுப்பு. மானியத்தில் மிதவை கிடைத்தது, சரி. ஐப்பசிக் காற்றில் அது உடைந்தால் யார் தருவார்? முதலில் அதற்குக் காப்பீடு கொடுக்கட்டும்.

பாம்பன்காரன்: அக்கா, விதைப்பாசி எங்கே வாங்குகிறீர்கள்? வீட்டில் கேட்கிறார்கள்.