கருவி எழுதிய நிரலில் காணாமல் போன சிறுபோகம்

கிளிநொச்சியான்:
எங்கள் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கு நெல் கொள்வனவுக் கணக்குச் செயலி செய்து கொடுத்தோம். நாங்கள் மூன்று பேர்தான். பாதிக்கு மேல் ஏஐ கருவி எழுதியது. நிரலின் வடிவைத் தானாகச் சீராக்கும் மென்பொருட்களை, பைத்தனுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரிட்டியர் என்று பூட்டியிருந்தபடியால் இடைவெளி, மேற்கோள் குறி எல்லாம் அச்சில் வார்த்தது மாதிரி. அந்த வடிவைப் பார்த்தே மயங்கிவிட்டோம்.

ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார். "தம்பி, சிறுபோக நெல்லில் பாதியைக் காணேல்லை. எலி தின்டதோ?"

தேடினால், ஒரு கோப்பில் 'சிறுபோகம்' என்ற நெற்பருவப் பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கிறது. இன்னொன்றில் அதே பருவத்தின் சிங்களப் பெயர் 'யல'. அறிக்கை முதலாவதை மட்டும் கூட்டியிருக்கிறது. நாங்கள் ஆளுக்கொரு உரையாடல் திறந்து வேலை வாங்கினோம். ஒன்றில் வைத்த பெயர் மற்றதற்குத் தெரியாது. நெல் அளக்கும் புசலுக்கும் மூன்று எழுத்துக்கூட்டல். பிளாக் 88 எழுத்தைத் தாண்டும் வரியை மடிக்கும். யலவும் சிறுபோகமும் ஒன்று என்று அதற்கு யார் சொல்வது?

பிறகு காலபோகம், சிறுபோகம், புசல், மூட்டை என்று எங்கள் சொற்களுக்கெல்லாம் ஒரே எழுத்துக்கூட்டல் வைத்து, கருவி முதலில் வாசிக்கும் அறிவுறுத்தல் கோப்பில் போட்டோம். அப்படியும் சில வேளை மறக்கிறது. ஆகவே போகத்தை ஈனம் (enum) என்ற, அனுமதித்த சொற்கள் மட்டும் கொண்ட பட்டியல் ஆக்கினோம் (பெயர்தான் அப்படி, ஆள் நல்லவன்). அதில் இல்லாத சொல் வந்தால் சேர்வர் திருப்பி அனுப்பும். நம்பிக்கை வந்தது அதற்குப் பிறகுதான்.

வவுனியாப் பிள்ளை:
அண்ணை, என் கதை புரோட்டோபஃபில். தரவின் அமைப்பை ஒரு புரோட்டோக் கோப்பில் எழுதினால், அதிலிருந்து நிரலை உருவாக்கித் தரும். புலப் பெயர்களை அடிக்கோடு போட்டு எழுதினால், ஜேசன் தரவு வடிவில் கேமல் கேஸாக (அடிக்கோடு இல்லாமல், இடையில் பெரிய எழுத்து வைத்து) வெளியே வரும். அது தெரியாமல் எங்கள் பழக்கத்துக்கு ஏற்ப, உருவாக்கப்பட்ட கோ மொழிக் கோப்புகளையே இரவிரவாகக் கையால் திருத்தினேன். அடுத்த நாள் ஒருவர், அந்தக் கோப்புகளைப் புதிதாக உருவாக்கும் புரோட்டோசியை ஓட்டினார். அவ்வளவுதான், ஒன்றும் மிஞ்சவில்லை. 'திருத்தாதே' என்று அந்தக் கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கிறது, நான்தான் வாசிக்கவில்லை. இப்போது மாற்றம் புரோட்டோக் கோப்பில் மட்டும். உருவாகும் கோப்புறையை லின்டர் (நிரலில் பிழையும் நடையும் பார்க்கும் மென்பொருள்) தொடுவதில்லை.

மூட்டைக்கும் ஒரே பெயர் வைத்தாயிற்றா?

கிளிநொச்சியான்:
பெயர் ஒன்றுதான், தங்கச்சி. ஒரு மூட்டை எத்தனை கிலோ என்பதில்தான் ஆலைக்கும் கமக்காரருக்கும் இன்னும் ஒத்து வரவில்லை.