17 பட்டமா, 4,040 நாளா? வெவ்வேறு காலத்து மல்யுத்த வீரர்களை எதைக்கொண்டு ஒப்பிடுவது?

கேள்வி: தெற்குத்தெரு

வணக்கம். எங்கள் வீட்டில் சில மாதங்களாகத் தீராமல் இருக்கும் ஒரு வாதத்தை இங்கே கொண்டுவருகிறேன். என் அக்காள் மகனுக்குப் பதினான்கு வயது. 2025 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் கோடி ரோட்ஸை வென்று ஜான் சீனா 17-ஆவது முறையாக உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார் அல்லவா, அன்றிலிருந்து அவன், "எல்லாக் காலத்துக்கும் பெரிய வீரர் சீனாதான், எண்ணிக்கையைப் பாருங்கள் மாமா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நான் தொண்ணூறுகளில் பள்ளியில் படித்தவன். எங்களுக்கு அந்த வீரர்கள் அறிமுகமானது பெரும்பாலும் சீட்டுக்கட்டின் வழியாகத்தான். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வீரரின் படம் இருக்கும். கீழே உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு, ஆடிய போட்டிகள், வென்ற போட்டிகள், தரவரிசை என்று வரிசையாக எண்கள் இருக்கும். யாருடைய சீட்டில் எண் பெரிதோ அவருக்கே இரண்டு சீட்டும் சொந்தம். தரவரிசையில் மட்டும் சிறிய எண் வெல்லும். ஓரம் நைந்துபோன அண்டர்டேக்கர் சீட்டு ஒன்று இன்னும் என் பழைய ஜியாமெட்ரி பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே, எண்ணைக் காட்டி வாதாடும் பையனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பழைய பட்டியலைப் புரட்டியபோது குழப்பம் கூடியது. அறுபது, எழுபதுகளின் நாயகன் புரூனோ சம்மார்ட்டினோ இரண்டே முறைதான் சாம்பியன். அந்த இரண்டையும் கூட்டினால் 4,040 நாள் வருகிறது. ரிக் ஃபிளேர் 16 முறை பட்டம் வென்றவர் என்கிறார்கள். முடிவுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்படும் ஒரு துறையில் இந்த எண்களுக்கு என்ன பொருள்? வெவ்வேறு காலத்தவரை ஒப்பிட நியாயமான அளவுகோல் ஏதேனும் உண்டா?

பதில்: நெடுநாள்ரசிகன்

நண்பரே, எண்ணை முழுவதுமாகத் தள்ளிவிட வேண்டாம். அந்த எண்ணைக் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்று கேட்டால் அதுவே பல செய்திகளைச் சொல்லும். பட்டம் என்பது நிறுவனம் ஒரு வீரரிடம் ஒப்படைக்கும் பொறுப்பு. அந்தப் பொறுப்பு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது என்பதே ஒப்பீட்டைக் கடினமாக்குகிறது.

சம்மார்ட்டினோவின் காலத்தில் பணம் நுழைவுச்சீட்டிலிருந்துதான் வந்தது. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஏறக்குறைய மாதம் ஒரு நிகழ்ச்சி நடக்கும். அதற்கு ஆள் சேர்க்கும் விளம்பரமாகவே தொலைக்காட்சி பயன்பட்டது. வெளியூரிலிருந்து ஒரு வில்லன் வருவான், தொலைக்காட்சியில் சிலரை அடித்து நொறுக்கிப் பெயர் வாங்குவான், கார்டனில் சம்மார்ட்டினோவை இரண்டு மூன்று மாதம் திணறடிப்பான், கடைசியில் தோற்று ஊரைவிட்டுப் போவான். அடுத்த மாதம் அடுத்தவன் வருவான். அதே ஊர் மக்கள் அதே மனிதரைப் பார்க்க ஆண்டுக்கணக்கில் காசு கொடுத்து வரவேண்டும் என்றால், அவர்மீது அவர்களுக்கு வெறும் ரசனைக்கு மேற்பட்ட ஒரு பிடிப்பு இருந்திருக்க வேண்டும். இத்தாலிய மலைக்கிராமத்தில் பிறந்து, போர்க்காலத்தில் சிறுவனாக ஜெர்மானியப் படைக்கு அஞ்சி மலையில் ஒளிந்திருந்து, பிறகு அமெரிக்காவுக்குக் குடியேறியவர் அவர். அரங்கை நிரப்பிய குடியேறிகள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே பார்த்தார்கள்.

1963 மே 17 அன்று பட்டி ராஜர்ஸை 48 விநாடிகளில் வென்று பெற்ற பட்டத்தை, 1971 ஜனவரி 18 அன்று அதே கார்டனில் இவான் கோலோஃபிடம் இழந்தார். மேல்கயிற்றிலிருந்து குதித்த கோலோஃபின் முழங்கால் அவர்மேல் விழுந்தது. நடுவர் மூன்று எண்ணி முடித்தார். அரங்கில் சத்தமே இல்லை. தம் காதுதான் கேட்காமல் போய்விட்டதோ என்று அஞ்சியதாகச் சம்மார்ட்டினோ பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். மக்கள் கலவரத்தில் இறங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தால் கோலோஃபுக்கு ரிங்கிலேயே பெல்ட்டை வழங்கவும் இல்லை. மூன்றே வாரத்தில் அந்தப் பட்டம் பெட்ரோ மொராலஸிடம் போனது. ஏழரை ஆண்டு சேர்த்த மதிப்பை ஒரே இரவில் செலவழித்தார்கள். அந்தச் செலவுக்கு ஈடான பாதிப்பும் கிடைத்தது.

ரிக் ஃபிளேர் ஏற்ற பொறுப்பு இதற்கு நேர்மாறானது. 1981-இல் டஸ்டி ரோட்ஸிடமிருந்து அவர் பெற்ற என்.டபிள்யூ.ஏ. (மல்யுத்த நிறுவனங்களின் கூட்டமைப்பு) பட்டம் பல வட்டாரங்களுக்குப் பொதுவானது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனிப் புரமோட்டர் (நிகழ்ச்சிகளை நடத்துபவர்), தனித்தனி உள்ளூர் நாயகன். சாம்பியன் ஊர் ஊராகப் பயணம் செய்து, அந்த ஊர் நாயகனிடம் அறுபது நிமிடம் வரை அடி வாங்கி, 'இன்னும் ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் நம்மாள் வென்றிருப்பான்' என்ற எண்ணத்தை மக்கள் மனத்தில் விதைத்துவிட்டுப் பெல்ட்டுடன் கிளம்ப வேண்டும். சம்மார்ட்டினோவைக் காண மக்கள் வந்தது அவர் வெல்வதற்காக. ஃபிளேரைக் காண வந்தது அவர் தோற்பதற்காக. இருவரையும் 'சாம்பியன்' என்ற ஒரே சொல்லால் அழைத்து, ஒரே பட்டியலில் எண்ணைப் போட்டால் என்ன விளங்கும்?

சீனாவின் காலத்தில் நிலைமை வேறு. வாரந்தோறும் நேரலை, மாதந்தோறும் ஒரு பெரிய நிகழ்ச்சி என்று வந்தபிறகு பட்டம் கைமாறுவதே கதையின் எரிபொருள் ஆகிவிட்டது. 1999-ஆம் ஆண்டில் மட்டும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ.) பட்டம் பத்து முறைக்குமேல் கைமாறியிருக்கிறது. இந்த ஓட்டத்தில் 17 முறை வென்றவர் 17 முறையும் அதை விட்டுக்கொடுத்தவர். ரோமன் ரெய்ன்ஸ் 2020 முதல் 2024 வரை 1,316 நாள் பட்டத்தை வைத்திருந்ததைச் சிலர் சம்மார்ட்டினோவுக்கு இணையாகச் சொல்கிறார்கள். தொடர்ந்து பல வாரங்கள் அவர் போட்டியே இடாமல் இருந்த இடைவெளிகளும் அந்தக் கணக்கில் அடக்கம் என்பதையும் சொல்லவேண்டும்.

என் அளவுகோல் இதுதான்: அவரவர் காலம் கேட்ட வேலையை அவரவர் எவ்வளவு நிறைவாகச் செய்தார்? அந்த வகையில் என் முதலிடம் சம்மார்ட்டினோவுக்கே.

பதில்: பிடிவாதன்

நெடுநாள்ரசிகன் ஐயா எழுதியதை மதித்துப் படித்தேன். ஆனால் உடன்பட முடியவில்லை. அவருடைய அளவுகோல் புரமோட்டரின் அளவுகோல். கல்லாப்பெட்டி நிரம்பியதா என்று கேட்கிறது. ரிங்குக்குள் நடப்பதைக் கொண்டு ஒப்பிட முடியாதா? முடியும் என்பது என் கருத்து. எந்தக் காலமானாலும் ஒரு மல்லனின் கலை ஒன்றுதான்: முடிவு எழுதிவைக்கப்பட்டது என்று அறிந்த மனிதனையே, அந்த நேரத்துக்கு அதை மறக்கச் செய்வது.

1997 மார்ச் 23, சிகாகோவை அடுத்த ரோஸ்மாண்ட். ரெஸில்மேனியா 13-இல் பிரெட் ஹார்ட்டும் ஸ்டோன் கோல்டு ஸ்டீவ் ஆஸ்டினும் மோதினார்கள். எதிராளியைச் சரணடையச் செய்தால் மட்டுமே வெற்றி என்பது விதி. ஹார்ட் நாயகன், ஆஸ்டின் வில்லன். கடைசி நிமிடங்களில் ஹார்ட் தம் ஷார்ப்ஷூட்டர் பிடியில் ஆஸ்டினின் கால்களை முறுக்கிப் பிடிக்கிறார். ஆஸ்டினின் நெற்றியிலிருந்து வழிந்த இரத்தம் முகம் முழுதும் பரவி, அலறத் திறந்த வாயில் பற்களுக்கிடையே இறங்குகிறது. அவர் உடலை உந்தி எழுகிறார், ஒரு கணம் பிடி தளர்கிறது, மறுபடி இறுகுகிறது. கடைசிவரை கையைத் தட்டிச் சரணடையவே இல்லை. நினைவிழந்து தலை சாய்கிறார். நடுவர் கென் ஷாம்ராக் போட்டியை நிறுத்துகிறார். விழுந்துகிடப்பவரை ஹார்ட் அதன்பிறகும் அடிக்கிறார். கூட்டம் ஹார்ட்டைக் கூச்சலிட்டு எதிர்க்கிறது. யார் உதவியும் இன்றி நொண்டியபடி வெளியேறும் ஆஸ்டினை அதே கூட்டம் ஆரவாரத்துடன் வழியனுப்புகிறது. அரை மணி நேரத்துக்குள் நாயகன் வில்லனாகவும் வில்லன் நாயகனாகவும் மாறிப்போனார்கள். தோற்றவர்தான் அந்த இரவில் பெரியவரானார்; இதை எந்தச் சீட்டில் எந்த எண்ணாக அச்சிடுவது?

இதே கண்ணோடு 1989 ஏப்ரல் 2 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஃபிளேரும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதியதைப் பாருங்கள். மூன்றில் இரண்டு வீழ்த்தல் என்ற முறையில் ஏறத்தாழ 55 நிமிடம் நடந்த போட்டி அது. ஃபிளேரின் புறங்கை அறை விழும் ஒவ்வொரு முறையும் ஸ்டீம்போட்டின் நெஞ்சில் சிவப்பு ஏறும். அந்த ஓசை கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். அடித்த ஃபிளேரைவிட, தாங்கிக்கொண்டு திருப்பியடித்த ஸ்டீம்போட்டைத்தான் நான் வியந்து பார்த்தேன். முப்பது ஆண்டுக்குமேல் கடந்தும் அந்தப் போட்டியில் ஒரு நிமிடமும் பழசாகவில்லை. எனவே என் கணக்கில் ஃபிளேர் முதலிடம், ஹார்ட் இரண்டாமிடம். சீனா பட்டியலில் உண்டு, ஆனால் மேலே இல்லை.

பதில்: கோதா

இரு பதில்களும் முடிவு எழுதிவைக்கப்பட்ட காலத்தைப் பற்றியே பேசுகின்றன. எழுதிவைத்த முடிவை மீறிவிடக்கூடிய எதிராளிகள் இருந்த காலமும் ஒன்று உண்டு. 1925 ஏப்ரலில் பிலடெல்பியாவில், கால்பந்து ஆட்டக்காரராக இருந்து சாம்பியன் ஆக்கப்பட்ட வேய்ன் மன்னுக்குத் தோற்றுக்கொடுக்க வேண்டிய ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோ, ரிங்குக்குள் இறங்கியதும் உண்மையாகவே மல்லுக்கு நின்று பட்டத்தைப் பறித்துக்கொண்டார். உண்மையான வித்தை அறியாத மன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த அச்சம் புரமோட்டர்களை நெடுங்காலம் விடவில்லை. லூ தெஸ் 1949 முதல் 1956 வரை என்.டபிள்யூ.ஏ. சாம்பியனாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். துரோகம் செய்ய நினைப்பவனின் கையை நிஜமாகவே முறுக்கத் தெரிந்தவரிடம் பெல்ட் பத்திரமாக இருக்கும் அல்லவா?

அந்த ஸிபிஸ்கோவைத்தான் நம் நாட்டின் காமா பயில்வான் 1910-இல் லண்டனில் இரண்டரை மணி நேரம் தரையோடு தரையாகக் கிடத்தி வைத்திருந்தார். போட்டி சமனில் முடிந்தது. 1928-இல் பட்டியாலாவில் இருவரும் மறுபடி கோதாவில் இறங்கியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் அவரை வீழ்த்தினார். நடிப்பும் நிஜமும் கலந்திருந்த அந்த நாட்களையும் சேர்த்து ஒப்பிட வேண்டுமென்றால், சீனாவும் ஆஸ்டினும் தெஸ்ஸின் முன்னால் ஒரு நிஜப் பிடிக்கு எவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். நான் தெஸ்ஸையே முதலில் வைப்பேன்.

பதில்: கரையோரம்

ஜப்பானை யாரும் குறிப்பிடவில்லை. மிட்சுஹாரு மிசாவா 1990 மே மாதம் போட்டியின் நடுவிலேயே, அதுவரை அணிந்து ஆடிய புலி முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜூன் 8 அன்று புடோகான் அரங்கில் ஜம்போ சுருட்டாவை வென்ற போட்டியையும், 1994 ஜூன் 3 அன்று தோஷியாகி கவாடாவுடன் ஆடிய போட்டியையும் பார்க்காமல் இந்தப் பட்டியலை முடிக்கவேண்டாம். ரிங்குக்குள் நடப்பதே அளவுகோல் என்கிறார் பிடிவாதன்; அப்படியானால் மிசாவாவுக்கு மேல் எவரும் இல்லை. கழுத்திலும் தோளிலும் விழும் அந்தக் கொடிய வீச்சுகளை ஆண்டுக்கணக்கில் தாங்கிய உடல் அது. 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் ஒரு பேக் சூப்ளெக்ஸ் (பின்புறமிருந்து தூக்கிப் பின்னோக்கி வீசுவது) வீச்சுக்குப் பிறகு அவர் எழவில்லை. வயது 46. அவருடைய பழைய போட்டிகளை நான் இன்றும் பார்க்கிறேன். தலை கீழாக விழும் இடங்களில் மட்டும் கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்: தெற்குத்தெரு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நால்வரும் மூன்று வெவ்வேறு அளவுகோல்களைச் சொல்லி நான்கு வெவ்வேறு பெயர்களை முன்வைத்திருக்கிறீர்கள்; நால்வரில் ஒருவரும் பட்டங்களின் எண்ணிக்கையைக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

நேற்றிரவு மருமகனை உட்காரவைத்து ரெஸில்மேனியா 13 போட்டியைக் காட்டினேன். முடிவை முன்கூட்டியே சொல்லவில்லை. ஆஸ்டின் நினைவிழந்த இடத்தில் அவன் எழுந்து நின்றுவிட்டான். "இவர் தோற்றுவிட்டாரா மாமா?" என்று கேட்டான். ஆம் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவன், மறுபடி ஒருமுறை போடச் சொன்னான். சீனாவை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. 17 என்ற எண்ணையும் விடவில்லை. வரும் ஞாயிறு நியூ ஆர்லியன்ஸ் போட்டி. 55 நிமிடம் பொறுமையாக உட்காருவானா என்று பார்த்துவிட்டுத்தான் மிசாவாவைக் காட்டலாமா என்பதை முடிவு செய்யவேண்டும். கரையோரம் எழுதியதைப் படித்தபின் அதில் எனக்கே சற்றுத் தயக்கம் இருக்கிறது.