ஒன்பது வயது மகள் தேவாலயத்துக்குப் போகக் கேட்கிறாள்: என்ன செய்யலாம்?

நெல்லித்தோப்பு அம்மா (கேள்வி)

எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. என் பெற்றோரின் திருமணம் 1966-இல் கடலூரில் புரோகிதர் இல்லாமல் நடந்தது. அண்ணா முதல்வரான பிறகுதான் அப்படிப்பட்ட திருமணம் செல்லும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதுவரை சொந்தக்காரர்கள் பேசிய பேச்சை அம்மா கடைசிவரை மறக்கவில்லை. நானும் கணவரும் அதே வழியில் வளர்ந்தவர்கள்.

கீழ் வீட்டுத் தோழியின் குடும்பம் ஞாயிறுதோறும் புதுச்சேரி ரயில் நிலையம் அருகே உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் போகிறது. அங்கே வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் 28 புனிதர்கள் இருக்கிறார்களாம். மகளுக்கு எண்ணிப் பார்க்க வேண்டுமாம். பாட்டும் கேட்க வேண்டுமாம். இதிலெல்லாம் எனக்குச் சங்கடம் இல்லை. போன வாரம் வேறொன்று கேட்டாள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று தோழி வீட்டார் உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாட்டியின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். "நம் தாத்தாவுக்கு எங்கே அம்மா ஏற்றுவது?" என்றாள்.

என் அப்பா சென்ற ஆண்டு இறந்தார். அவர் எழுதி வைத்தபடி உடலை ஜிப்மர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். சடங்கு எதுவும் செய்யவில்லை. சாம்பலும் இல்லை, கல்லறையும் இல்லை. எனக்கு அதில் பெருமை. ஆனால் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று வாயடைத்துப் போனேன்.

"இன்று மெழுகுவத்தி என்பாள், நாளை முழங்கால் போடுவாள்" என்று கணவர் மறுக்கிறார். என்னால் அப்படி மறுக்க முடியவில்லை. நாங்கள் அரியாங்குப்பத்தில் குடியிருந்தபோது, பத்து வயதில், வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர் பார்க்கக் கேட்டேன். அப்பா கூடாது என்றார். தோழியிடம் நோட்டு வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். கூட்டத்தில் ஒரு செருப்பு தொலைந்தது; அதற்கு இன்னொரு பொய். என் மகள் தேவாலயத்துக்குப் போகட்டும், எனக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது. அதுதான் என் பயம்.

மஞ்சக்குப்பம் ஆசிரியர்

அனுப்பாதீர்கள். ஒன்பது வயதில் மெழுகுவத்தியும் பாட்டும் யாரைத்தான் இழுக்காது? அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில்கூட, பாதுகாவலர் சம்மதிக்காமல் சிறுவரை வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. பொறுப்பு உங்கள் கையில் இருக்கிறது. வளர்ந்தபின் அவளே முடிவு செய்யட்டும். தாத்தா பெயரில் ஒரு மரம் நடுங்கள், அவள் தண்ணீர் ஊற்றட்டும்.

வில்லியனூர் வாசகி

நான் கத்தோலிக்கப் பெண். அவளைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள், பின்வரிசையில் உட்காருங்கள். எல்லோரும் முழங்காலிடும்போது நீங்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் வருத்தம் இல்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே மகளிடம் சொல்லிவிடுங்கள்: பூசையில் தரும் அப்பமான நற்கருணை, ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை (முதல் நற்கருணை) எடுத்தவர்களுக்கு மட்டுமே. தெரியாமல் வரிசையில் நின்று திரும்பி வந்தால் பிள்ளை மனம் நொந்துவிடும். மறைக்கல்வி வகுப்புக்குக் கூப்பிட்டால், வேண்டாம் என்று நேராகச் சொல்லலாம். சொந்தக்காரர் கல்லறை வேறு ஊரில் இருப்பவர்கள் கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவையின் அடியில் மெழுகுவத்தி ஏற்றுவதுண்டு. உங்கள் மகளும் ஏற்றினால் எங்களில் யாருக்கும் தாத்தாவின் கொள்கை பெரிதாகத் தெரியாது. பேத்தியின் அன்புதான் தெரியும்.

மருத்துவம் படித்தவள்

உடற்கூறியல் கூடத்துக்குள் நுழைந்த முதல் நாள், உடல் தந்தவர்களை மரியாதையோடு நடத்துவோம் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். அவர்கள்தான் உங்கள் முதல் ஆசிரியர் என்று பேராசிரியர் சொன்னார். பெயர் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் அந்தக் கைகளை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். தாத்தாவுக்குக் கல்லறை இல்லை என்பதோடு நிறுத்தாமல் இதையும் மகளிடம் சொல்லுங்கள்.

நெல்லித்தோப்பு அம்மா

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா, மரம் நடுகிறோம். ஆனால் மறுக்க மனம் வரவில்லை.

ஞாயிறன்று நானும் மகளும் போனோம். பாட்டு முடிவதற்குள் புனிதர்களை எண்ணுவதில் இரண்டு முறை தவறவிட்டாள். கல்லறைத் திருநாளன்று உப்பளத்தில் நடுச் சிலுவை அருகே மெழுகுவத்தி ஏற்றினாள். கும்பிடவில்லை, காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாணவர்கள் மௌனமாக நிற்பதைச் சொன்னேன். "தாத்தா பேர் தெரியாமலேயா?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு என் கடிகாரத்தைப் பார்த்தபடி அவளும் ஒரு நிமிடம் நின்றாள்.

வரும் வழியில் வீராம்பட்டினம் தேரையும் செருப்பையும் சொன்னேன். "பிறகு தாத்தாவிடம் உண்மையைச் சொன்னாயா?" என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன்.

வரும் ஞாயிறும் போகக் கேட்டிருக்கிறாள். இந்த முறை அவளுடைய அப்பா கூடப் போகிறார்.