தலையில் அடிபட்ட பிள்ளைக்குக் கண்ணைச் சுற்றிக் கருமை: காத்திருக்கலாமா?

கோண்டாவில் தாய்:
எனது மகன் நேற்று மாலை மாமரத்திலிருந்து விழுந்து பிடரியில் அடிபட்டான். நினைவு தப்பவில்லை, ஆயினும் இன்று காலை வாந்தி எடுத்ததுடன், இரு கண்களைச் சுற்றியும் கருநீலம் படர்ந்துள்ளது. பனடோல் கொடுத்து நாளைவரை பார்க்கலாமா?

தாதிய உத்தியோகத்தர்:
வேண்டாம் அம்மா. கண்ணில் அடிபடாமலே இரு கண்களும் இவ்வாறு கறுப்பது மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருப்பதைக் குறிக்கக்கூடும். மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் வடிந்தால் அது மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள நீரான மூளைய முண்ணாண் பாய்பொருளாக இருக்கலாம். அந்த வழியாகவே கிருமி உட்புகுந்து மூளைக்காய்ச்சலை உண்டாக்கலாம் என்பதால், மூக்கைச் சீற விடாதீர்கள், பஞ்சும் அடைக்காதீர்கள். 1990 இலக்கத்திற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு இப்போதே கொண்டு செல்லுங்கள்.

மானிப்பாய் வாசகர்:
நினைவு தப்பவில்லை என்பதை வைத்து ஆறுதல் கொள்ள வேண்டாம். மண்டையோட்டுக்குள் இரத்தம் கசியும்போது சில மணி நேரம் தெளிவாகப் பேசிய பிள்ளையே பின்னர் மயங்கிச் சரியலாம். தூக்கக் கலக்கம், வலிப்பு, கண்மணிகள் அளவில் வேறுபடுதல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

தாதிய உத்தியோகத்தர்:
வீடு திரும்பிய பின்னரும், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலோ வெளிச்சம் கண்ணைக் கூசினாலோ மறுபடியும் வைத்தியசாலைக்கே வாருங்கள்.