அம்மாவுக்கு சிஓபிடி, பல்மனரி ரிஹாப் போனா நிஜமாவே பலன் இருக்கா?

ஈரோட்டுப்பொண்ணு:
அம்மாவுக்கு 63 வயசு. பீடி சிகரெட் பக்கமே போனதில்ல, முப்பது வருஷத்துக்கு மேல விறகடுப்புல ஊதி ஊதி சமைச்சவங்க. ரெண்டு வருஷம் முன்னாடி சிஓபிடின்னு (மூச்சுக்குழாய் சுருங்கிப்போற நாள்பட்ட நுரையீரல் நோய்) சொன்னாங்க, இன்ஹேலர் ஓடுது, ஆனா இப்பல்லாம் குளிச்சிட்டு வந்து தலை துவட்டுறதுக்குள்ள மூச்சு இளைச்சுப்போய் கட்டில்ல உக்காந்துடுறாங்க. டாக்டர் எட்டு வாரம் ரிஹாப் (நுரையீரல் நோயாளிகளுக்கு உடற்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும் குடுக்குறது) போகச் சொல்றார். "நடந்தாலே மூச்சு வாங்குது, என்னைப்போய் எக்சர்சைஸ் பண்ணச் சொல்றாரு பாரு"ங்கிறாங்க அம்மா. எனக்கும் அதே டவுட்தான். யாராவது போயிருக்கீங்களா?

இன்ஹேலர்தாத்தா:
நான் போனேன்மா. நுரையீரல் பழையபடி ஆகும்னு நினைச்சு போகாதீங்க, முடிஞ்சப்புறம் ஸ்பைரோமெட்ரில (ஊதிப் பாக்குற நுரையீரல் டெஸ்ட்) நம்பர் அப்படியேதான் இருந்துச்சு, எனக்குக் கடுப்பு. ஆனா ஆறு நிமிஷ நடை டெஸ்ட்ல மொத நாள் 240 மீட்டர், கடைசில 310. முன்னாடி டீ வாங்க பேரனை அனுப்புவேன், இப்ப நானே போறேன்.

பிசியோ_மதுர:
அம்மா கேக்குறது நியாயமான கேள்வி. மூச்சு வாங்குதுன்னு உக்கார உக்கார தொடைத்தசை வத்திப்போகுது, வலு இல்லாத தசை கொஞ்ச வேலைக்கே நிறைய காத்து கேக்கும், அதனால இன்னும் மூச்சு இளைக்கும். அந்தத் தசையைத்தான் ரிஹாப்ல தேத்துறோம். விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டித்தான் நடக்க விடுவோம், ரத்தத்துல ஆக்சிஜன் அளவு 88%க்கு கீழ போனா நிறுத்திடுவோம். உதட்டைக் குவிச்சு மெதுவா மூச்சு விடக் கத்துக்குடுப்போம், ஊதாங்குழல் ஊதுற வேகத்துல விட்டுடப் போறாங்க, சொல்லி வைங்க 😀 அப்புறம் கையைத் தலைக்கு மேல தூக்குற எந்த வேலையும் இவங்களுக்கு இளைக்கும், தலை துவட்டுறதும் அதான். ஸ்டூல் போட்டு உக்காந்து குளிக்கட்டும், முழங்கையை ஊனிக்கிட்டு துவட்டட்டும். இதயப் பிரச்னை ஏதும் இருந்தா முதல் நாளே சொல்லிடுங்க.

கோவைகுமார்:
எங்கப்பா எட்டு வாரமும் ஒழுங்கா போனாரு, நல்லாதான் இருந்தாரு, முடிஞ்சதும் சேரை விட்டு எந்திரிக்கல, ஒரு வருஷத்துல எல்லாம் பழையபடி. வீட்ல தொடர ஆள் இருந்தாதான் காசு போட்டதுக்கு அர்த்தம்.

ஈரோட்டுப்பொண்ணு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஸ்டூல் இன்னைக்கே போட்டாச்சு. புதன்கிழமை கூட்டிட்டுப் போறேன். அம்மா ஷூ போட மாட்டேன்கிறாங்க, செருப்பு போதுமா?

பிசியோ_மதுர:
பின்னாடி பட்டி வச்ச செருப்புன்னா ஓகே. ஹவாய் வேணாம், வழுக்கும். இன்ஹேலரைக் கையோட எடுத்துட்டு வாங்க.