விதை நெல் உப்புக் கரைசல்: ஒரு முட்டை மிதக்கிறது, ஒன்று மூழ்குகிறது. எதை நம்புவது?

வாய்க்கால்கரை:

வணக்கம். அப்பாவுக்கு உடம்பு முடியாததால் இந்த ஆண்டு முதன்முறையாக நானே நாற்றங்கால் விடுகிறேன். 20 கிலோ தூயமல்லி விதை நெல் இருக்கிறது. “உப்புக் கரைசலில் போட்டுப் பதரையும் (வெற்று உமி) கருக்காயையும் (அரைகுறை மணி) கழித்துவிடு, முட்டை மிதந்தால் கரைசல் சரி” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

50 லிட்டர் பீப்பாயில் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒரு கிலோ கல் உப்பைக் கரைத்தேன். கடையில் வாங்கிய முட்டை உடனே மிதந்தது. ஐந்து கிலோ நெல்லைக் கொட்டினேன். வெறும் பதர்தான் மேலே வந்தது. அடியில் தங்கியதை உரித்துப் பார்த்தால் பாதி அரிசியோடு கருக்காய் நிறையக் கிடக்கிறது. நெல்லை அள்ளி வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியம்மா அன்று காலையில் இட்ட நாட்டுக்கோழி முட்டை ஒன்றைக் கொடுத்தார். அதே தண்ணீரில் அது நேராக அடியில் போய்ப் படுத்துவிட்டது.

இன்னும் இரண்டு கிலோ உப்பைப் போட்டேன். இப்போது நாட்டு முட்டை மேலேயும் வரவில்லை, அடியிலும் போகவில்லை; நடுத் தண்ணீரில் அந்தரத்தில் நின்றது. எரிச்சலில் மேலும் இரண்டு கிலோவைக் கொட்டி நன்றாகக் கலக்கினேன். முட்டை மேலே வந்து சாய்ந்து மிதந்தது. நெல்லைப் போட்டால் பாதிக்கு மேல் மிதக்கிறது! கடித்துப் பார்த்தேன், அதில் நல்ல மணிகளும் இருக்கின்றன.

நாட்டு முட்டை மட்டும் ஏன் இப்படி? அது கனமா? பீப்பாயில் தண்ணீரின் ஆழம் போதவில்லையா? விதை கெட்டுவிட்டதா?

களத்துமேடு:

தம்பி, கணினியை மூடிவிட்டு முதலில் நெல்லை அள்ளி நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசு. உப்பு உமியில் தங்கினால் முளைப்பு அடிபடும். சில நிமிடங்கள்தான் ஊறியிருந்தால் பயமில்லை. அலசி, வடித்து, நிழலில் உலர்த்து. மற்றதைப் பிறகு பேசலாம்.

வாய்க்கால்கரை:

அலசிவிட்டேன் ஐயா. கால் மணி நேரம் உப்பில் கிடந்திருக்கும்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல்:

உங்கள் இரண்டு முட்டைகளும் பொய் சொல்லவில்லை. கடை முட்டை பழையது, அவ்வளவுதான்.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நாளாக நாளாக உள்ளிருக்கும் ஈரம் அவற்றின் வழியாக ஆவியாகிறது. அந்த இடத்தில் காற்று புகுந்து, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகிறது. ஓடு சுருங்காது. கன அளவு மாறாமல் எடை மட்டும் குறைவதால் அடர்த்தி குறைகிறது. புது முட்டையின் அடர்த்தி சுமார் 1.08. அதாவது, அது அடைக்கும் இடத்தில் தண்ணீர் இருந்தால் 100 கிராம் என்றால், முட்டை 108 கிராம். பல வாரப் பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதந்துவிடும். அதை வைத்து உப்பை அளப்பது, தேய்ந்த படிக்கல்லை வைத்துத் தராசு பிடிப்பது போல.

எனவே நாட்டுக்கோழியா, பண்ணைக்கோழியா என்பது பேச்சே இல்லை. எடையும் பேச்சில்லை. சீரகச் சம்பா மணி பொடிசு, மாப்பிள்ளைச் சம்பா மணி பருமன். நன்றாக விளைந்திருந்தால் இரண்டுமே மூழ்கும். ஒரு பொருள் தான் அடைக்கும் இடத்துக்கு உரிய நீரைவிடக் கனமா, லேசா என்பதுதான் கணக்கு. தண்ணீரின் ஆழத்துக்கும் இதில் வேலையில்லை. குடத்தில் மூழ்கும் முட்டை குளத்திலும் மூழ்கும்.

கருக்காய் விஷயமும் இதுவே. அரிசி தண்ணீரைவிட நன்றாகக் கனமானது. உமிக்குள் அது குறைந்து காற்று கூடினால் முழு மணியின் அடர்த்தி இறங்கும். பதர் 1-க்குக் கீழே, ஆகவே வெறும் தண்ணீரிலேயே மிதக்கிறது. அரைகுறை மணி 1-க்குச் சற்று மேலே நிற்பதால் தண்ணீரை ஏமாற்றிவிடுகிறது. தண்ணீரைக் கனமாக்கினால்தான் அது அகப்படும். மிகவும் கனமாக்கினால் நல்ல மணியும் அகப்படும். நேற்று நடந்தது அது.

உப்பளத்தான்:

அந்தரத்தில் நின்ற முட்டையை யாரும் கவனிக்கவில்லையே. அது எங்கள் தொழில்.

கல் உப்பைப் போட்டுச் சும்மா விட்டால் அடியில் கிடந்தே கரையும். கனமான நீர் கீழே, லேசான நீர் மேலே என்று அடுக்காக நிற்கும். முட்டை மேல் அடுக்கில் மூழ்கும், கீழ் அடுக்கில் மிதக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்கும். முட்டை நடுவில் நின்றால் ‘உப்பு போதவில்லை’ என்று பொருள் கொள்ளக் கூடாது, ‘இன்னும் கலக்கு’ என்றுதான் பொருள். நீங்கள் இரண்டாவது முறை உப்பைப் போட்டபோதே 20 லிட்டருக்கு மூன்று கிலோ சேர்ந்துவிட்டது. அதுதான் சரியான அளவு. ஐந்து நிமிடம் கட்டையால் துழாவியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

உப்பளப் பாத்தியில் நாங்கள் நீரின் கனத்தை டிகிரி மானியால் பார்ப்போம். இந்த டிகிரி அடர்த்தியின் அளவு, வெப்பம் இல்லை. கடல் நீர் மூன்றரை டிகிரி இருக்கும். அதில் புது முட்டை மூழ்கும். 24, 25 டிகிரி ஆனால் உப்பு பூக்கத் தொடங்கும். விதைக்கு உங்களுக்கு வேண்டியது 12, 13 டிகிரி, அதாவது அடர்த்தி 1.09 அல்லது 1.10. ஐந்து கிலோ போட்ட உங்கள் கரைசல் 1.15 வரை போயிருக்கும்.

கொட்டிவிட வேண்டாம். 10 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ என்ற கணக்கில் ஐந்து கிலோவுக்கு 33 லிட்டர் வேண்டும். இன்னும் 13 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். கல் உப்பில் ஈரமும் அழுக்கும் உண்டு, ஆகவே 11 லிட்டரில் நிறுத்தி, கலக்கி, முட்டையைப் போட்டுப் பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

களத்துமேடு:

முட்டையின் தலை 25 காசு அகலத்துக்கு வெளியே தெரிய வேண்டும். நாங்கள் பார்த்தது அப்படித்தான். 2011-இல் அந்தக் காசையே செல்லாது என்று எடுத்துவிட்டார்கள்; இந்தத் தம்பிக்கு எதைக் காட்டுவது? ஒரு ரூபாயைவிடச் சற்றுச் சிறிது என்று வைத்துக்கொள்.

ஆனால் ஒன்று. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வெறும் தண்ணீரில் அலசிப் பாவுகிறார்கள். அவர்களுக்கும் விளையத்தான் செய்கிறது. இவ்வளவு உப்புச் செலவு தேவையா என்பது என் சந்தேகம்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல்:

ஐயா, அந்த 25 காசு கணக்கு அழகானது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும். 1.08 முட்டை 1.095 கரைசலில் கிடந்தால் நூற்றில் ஏறக்குறைய 99 பங்கு உள்ளே, ஒன்றரைப் பங்குக்குள்தான் வெளியே. முட்டையின் அகன்ற முனையில் அந்த ஒன்றரைப் பங்கை வெட்டினால் ஏறக்குறைய அந்தக் காசு அளவு வரும். கணக்குப் போட்டவர் யாரோ, பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தவர் யாரோ.

செலவைப் பற்றி: நெருக்கமாகப் பாவி நிறைய நாற்று பறிப்பவருக்கு வெறும் தண்ணீரே போதலாம். ஒற்றை நாற்று நடவு செய்பவருக்கு ஒவ்வொரு மணியும் முக்கியம். அவர் உப்பைத் தவிர்க்கக் கூடாது என்பது என் எண்ணம்.

புது முட்டை கிடைக்கவில்லை என்றால்: ஒரு பாட்டிலில் கோடு போட்டு, கோடு வரை வெறும் தண்ணீர் நிரப்பி எடை பாருங்கள், பிறகு அதே கோடு வரை கரைசல். பாட்டில் எடையைக் கழித்தபின், 100 கிராம் தண்ணீருக்குப் பதில் 109 அல்லது 110 கிராம் கரைசல் நின்றால் சரி.

வாய்க்கால்கரை:

பன்னிரண்டு லிட்டரிலேயே முட்டை சொன்னபடி நின்றது. உலர்த்திய நெல்லைப் போட்டதும் மறுபடி நிறைய மிதந்ததால் பயந்துவிட்டேன். கையால் நன்றாகத் துழாவியதும் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. முக்கால்வாசி கீழே போய்விட்டது.

உப்பளத்தான்:

உமியின் சுணையில் காற்று ஒட்டிக்கொண்டு நல்ல மணியையும் தூக்கிப் பிடிக்கும். வால் நெல் ரகங்களில் இது இன்னும் அதிகம். துழாவாமல் மேலே இருப்பதை அள்ளக் கூடாது. அடுத்த ஈடு போடும் முன் முட்டையை மறுபடி பாருங்கள். ஈர நெல் கரைசலை நீர்க்க வைக்கும்.

வாய்க்கால்கரை:

மூன்றாம் ஈட்டில் முட்டை மூழ்கிவிட்டது. இரண்டு கை உப்பு போட்டதும் எழுந்தது. இருபது கிலோவும் முடிந்தது, அலசியாயிற்று. நாளை சூடோமோனாஸ் (நோய் தடுக்கும் நுண்ணுயிர்) கலந்து, முளைகட்ட மூட்டம் கட்டுகிறேன். கடைசியாக ஒன்று: பீப்பாயில் இருக்கும் உப்புத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடலாமா?

களத்துமேடு:

கூடவே கூடாது. அந்த வாய்க்கால் உன் நாற்றங்காலுக்குத்தானே போகிறது? பக்கத்தில் விதை விடுகிறவர் இருந்தால் பீப்பாயோடு கொடுத்துவிடு. முட்டையை மட்டும் பெரியம்மாவிடம் கேட்டு அன்றன்றைக்குப் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்.